மலையை வரையும் கோடுகள்

ஈப்போவிலிருந்து கிழக்கே நோக்கினால் தித்திவாங்சா மலைத்தொடர் நீலநிறத்தில் நிமிர்ந்து நிற்பதைக் காண்கிறோம். அத்தொடரிலுள்ள குனோங் கொர்பு 2,183 மீட்டர் உயரமுடையது. காடு மூடிய இத்தகைய மலையை ஒரு தாளில் வரைவது எவ்வாறு?

ஒரு சோதனை செய்து பார்ப்போம். மேடுபள்ளமான கல் ஒன்றைப் பாத்திரத்தில் வைத்து, 1 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றுவோம். நீர் தொடும் விளிம்பைக் கல்லின்மேல் சுண்ணக்கட்டியால் வரைவோம். இவ்வாறே ஒவ்வொரு சென்டிமீட்டராக நீரை உயர்த்தி வரைந்து வருவோம். பின்னர் மேலிருந்து பார்த்தால், ஒன்றனுள் ஒன்றாக வளையங்கள் தோன்றும். இவையே சமவுயரக் கோடுகள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு. விலகியிருந்தால் ஏறுவதற்கு எளிய சரிவு. மலையேறுவோர் தமக்குரிய பாதையை இவற்றைக் கொண்டே தெரிந்துகொள்கின்றனர்.

மலைச்சரிவிலிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் இக்கோடுகளைக் காணலாம். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதிருக்க, ஒரே மட்டத்தில் படிப்படியாக வெட்டி மரங்களை நட்டனர். நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலையில் அப்படிகளின் வழியே நடந்து பால்மரம் வெட்டினர். சமவுயரக் கோட்டை அவர்களுடைய கால்கள் அறிந்திருந்தன!

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் அளவையாளர் பேராக், பகாங் எல்லை மலைகளை ஆராய்ந்தார். மலைகளுக்கிடையே மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டார். ஆயினும் அதன் இருப்பிடத்தை நிலப்படத்தில் சரியாகக் குறிக்கவில்லை. மறு ஆண்டே அவர் காலமானார். பின்வந்தோர் அவ்விடம் எதுவெனத் தெளியாது நின்றனர். 1925ஆம் ஆண்டு சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்த பின்னரே மலைவாசத்தலம் அமைக்கும் முயற்சி வலுப்பெற்றது. அதுவே இன்றைய கேமரன் மலை. கண்டது மட்டும் போதாது. பின்வருவோருக்காகக் குறித்தும் வைக்க வேண்டும் என்பதை இதனால் உணர்கிறோம்.

மாணவமணிகளே! நம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள், கோயில், பால் கொட்டகை, ஆற்றங்கரைக் குறுக்குப்பாதை ஆகியவை இருந்த இடங்களை அறிந்தோர் முதியோர் மட்டுமே. இவ்விடுமுறையில் அவர்களருகே அமர்ந்து கேட்போம். 100 காலடிக்கு 1 சென்டிமீட்டர் என அளவு வகுத்து, வடதிசையைக் குறித்து, நம் தோட்டத்தின் நிலப்படத்தை வரைந்து வைப்போம். அவர்கள் நடந்த பாதை மறையாதிருக்கட்டும்.