ஹாம் ரேடியோ: ஏரியல் கட்டுவது எப்படி?

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. அந்தமான் தீவுகளில் நிலம் நடுங்கியது. கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. தொலைபேசிகள் பேசவில்லை. போர்ட் பிளேரில் அப்போது ஹாம் ரேடியோ குழு ஒன்று இருந்தது. பாரதி பிரசாத் என்ற பெண் அதன் தலைவி. அந்தக் குழு தன் ரேடியோ மூலம் செய்திகளை வெளியே அனுப்பியது. உறவினர்களின் நலம் தெரியாமல் தவித்தவர்களுக்குப் பதில் கிடைத்தது.

ஹாம் என்பவர் யார்? ஆர்வத்தால் ரேடியோவில் பேசுபவர் ஹாம். அவர் இதில் பணம் சம்பாதிப்பதில்லை. அரசு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம்.

பெங்களூருக்கும் ஹாம்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஹாம்களுக்காக இஸ்ரோ செய்த 'ஹாம்சாட்' என்ற செயற்கைக்கோள் இங்கேதான் உருவானது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து விண்ணுக்குப் போனது. 2014 வரை வேலை செய்தது.

விண்ணுக்குப் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் ஏரியல் வேண்டும். செட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஏரியல் சரியில்லை என்றால் பயன் இல்லை.

நீளம் எவ்வளவு?

எளிய ஏரியல் ஒரு செம்புக் கம்பிதான். அதை நடுவில் வெட்டி இரண்டு கைகள் போல நீட்டிக் கட்ட வேண்டும். நீளத்தை ஒரு வகுத்தல் கணக்கால் அறியலாம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். வருவது மீட்டர்.

7.1 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டுமா? 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 மீட்டர் வரும். ஒரு கைக்கு 10 மீட்டர். முதலில் கொஞ்சம் கூடுதலாக வெட்டுங்கள். பிறகு அளந்து பார்த்துக் குறைக்கலாம். குட்டையாக வெட்டிவிட்டால் ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.

ஒக்கலிபுரம் போன்ற இடங்களில் வீடுகள் நெருங்கி இருக்கின்றன. மொட்டை மாடியில் 20 மீட்டருக்கு இடம் ஏது? நகரத்துக்குள் பேச 145 மெகாஹெர்ட்ஸ் ஏரியல் போதும். 49 சென்டிமீட்டர் கம்பி ஒன்று நேராக நிற்கும். அதே நீளத்தில் நான்கு கம்பிகள் அதன் அடியில் இருந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரு சிறிய மாடிக்கு இது பொருந்தும்.

கம்பம் நடும் முன் நான்கு புறமும் பாருங்கள்

தெருவில் மின்கம்பி போகிறது. ஒக்கலிபுரத்தை ஒட்டி ரயில் பாதையும் போகிறது. மின்சார ரயிலுக்கு மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதைத் தொட வேண்டும் என்பதில்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

ஆகவே ஒரு விதியை மறக்கக் கூடாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. கம்பமும் ஏரியலும் சேர்ந்து 6 மீட்டர் என்றால் மின்கம்பி குறைந்தது 9 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மாடியில் இருந்து தெருவில் விழுந்தால் எங்கே விழும் என்றும் பாருங்கள். இடம் போதவில்லையா? கம்பத்தைக் குட்டையாக்குங்கள். அப்போதும் போதவில்லை என்றால் அங்கே நட வேண்டாம்.

ஏரியல் கம்பியை மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ கொண்டு போகக் கூடாது. கம்பம் நழுவினால் தாவிப் பிடிக்கப் போகாதீர்கள். கம்பம் போனால் வேறு வாங்கலாம்.

கம்பத்துக்கு மூன்று பக்கம் ஸ்டே கம்பி கட்டுங்கள். மரத்தில் கட்டினால் ராட்டினம் வைத்துக் கயிற்றின் நுனியில் எடை தொங்கவிடுங்கள். மரம் ஆடினாலும் கம்பி அறாது. ஏரியலின் நுனிகள் யார் கைக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பேசும்போது அதைத் தொட்டால் கை சுடும்.

கேபிளும் கனெக்டரும்

ஏரியலையும் செட்டையும் இணைப்பது கோ-ஆக்சியல் கேபிள். நடுவில் ஒரு செம்புக் கம்பி. அதைச் சுற்றி பிளாஸ்டிக். அதற்கு மேல் பின்னல் வலை. டி.வி. கேபிள் 75 ஓம். ஹாம் செட்டுக்கு 50 ஓம் கேபிள் கேட்டு வாங்குங்கள். எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும்.

மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் விலை குறைவு. ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் போவதற்குள் பாதி சக்தி வீணாகிவிடும். தடித்த ஆர்.ஜி. 213 கேபிளில் கால் பங்குதான் வீணாகும்.

கேபிள் நுனியில் வைப்பது கனெக்டர். பலரும் பயன்படுத்துவது பி.எல். 259. நடுக் கம்பியைக் கனெக்டரின் ஊசியில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். வலையை வெளிக்கூட்டோடு பற்றவையுங்கள். வலையின் ஒரே ஒரு இழை ஊசியைத் தொட்டாலும் செட் பழுதாகலாம். மல்டிமீட்டரால் சோதித்த பிறகே செட்டில் மாட்டுங்கள்.

கனெக்டருக்குப் பெரிய எதிரி மழைநீர். உள்ளே போன நீர் வலை வழியாக ஊறிக்கொண்டே போகும். செம்பு கறுத்துவிடும். ஆகவே மாடியில் உள்ள இணைப்பின் மீது ரப்பர் டேப் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போது ஓட்டுக் கூரையில் வழிவது போல நீர் வழிந்துவிடும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைத் தொங்கலாக வளைத்து விடுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி வந்தால்?

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடியோடு மழை வரும். கம்பத்துக்கு எர்த் போடுங்கள். வானம் கறுக்கும்போதே கேபிளைச் செட்டில் இருந்து கழற்றி வைத்துவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள். மாடிக்கும் போகாதீர்கள்.

பேரிடர் நாளில் ஹாமை நம்பிப் பலர் காத்திருப்பார்கள். அன்று ஏரியல் கட்டிக்கொண்டிருக்க நேரம் இராது. இன்றே சரியாகக் கட்டி வைப்பது நல்லது.

பயிற்சி

1. 14.3 மெகாஹெர்ட்ஸுக்கு ஏரியல் நீளம் எவ்வளவு? வகுத்துப் பாருங்கள்.
2. டேப்பை ஏன் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும்?
3. உங்கள் வீட்டு மாடிக்குப் போங்கள். மின்கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மாடியில் நின்றபடி கண்ணால் மதிப்பிட்டு எழுதுங்கள்.