மங்கு என்று விட்டுவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது என்று மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசுகிறாயாம். முடி கொட்டுகிறதென்று எண்ணெயை மாற்றினாயாம். காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆவதற்குக் கம்ப்யூட்டர் மேல் பழி. உன் அம்மா போனில் எல்லாம் சொன்னாள். தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. 24 வயதுப் பெண்ணுக்கு மூன்றும் சேர்ந்து வருவதுதான் உறுத்துகிறது. நர்ஸ் வேலை பார்த்த எனக்கு லூபஸ் ஞாபகம் வராமல் இருக்குமா?

உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய் அது. தொற்றாது. வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள்.

கண்ணாடியில் நன்றாகப் பார். தடிப்பு மூக்குத்தண்டின் மேலேறி இரு கன்னத்திலும் பரவி, மூக்கோரம் வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் விட்டிருக்கிறதா? புத்தகப் படங்களில் சிவப்பாக இருக்கும். நம் நிறத்துக்குக் கருமையாகவோ பழுப்பாகவோ தெரியும். மங்கு என்று ஏமாறுவது அதனால்தான். வெயிலில் போய்வந்தால் கூடுகிறதா? டார்ச் அடித்து மேல் அண்ணத்தையும் அம்மாவைப் பார்க்கச் சொல். அங்கே வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. டாக்டர் எழுதித் தராத களிம்பை முகத்தில் பூசாதே.

எனக்குப் பயம் சிறுநீரகத்தைப் பற்றித்தான். சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். சிலருக்கு ஒன்றும் தெரியாமலே கெடும். ஆகவே சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். அது பாசிட்டிவ் என்றதும் இணையத்தைத் துழாவி அழாதே, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அப்படி வருவதுண்டு. முடிவு சொல்ல வேண்டியவர் ருமட்டாலஜி டாக்டர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

மூச்சிழுத்தால் நெஞ்சு குத்துவது, வலிப்பு, பேச்சுக் குழறல், முகவீக்கத்தோடு சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போ.

வரன் பார்க்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியா என்று உன் அம்மா தயங்குகிறாள். நோயை மருந்தால் அடக்கி, ஆறு மாதமாவது அமைதியாக வைத்து, டாக்டரைக் கேட்டுப் பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். எது எப்போது தொடங்கியது என்று ஒரே தாளில் எழுதி, பழைய சீட்டுகளோடு எடுத்து வை. திங்கட்கிழமை காலை நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா