காத்திருக்கப் பழகும் பிள்ளை

வேத பகுதி: ஆதியாகமம் 25:29-34, எபிரெயர் 10:23



ஏசா ஒருவேளைக் கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றுப்போட்டான். கூழ் நிமிஷத்தில் தீர்ந்தது. இழப்போ ஆயுசுக்கும் நின்றது. "எனக்கு இப்பவே வேணும்" என்று அடம்பிடிக்கிற நம் பிள்ளைக்குக் காத்திருக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?

1. கண்களைக் காக்க வேண்டும்

1960-களின் கடைசியிலே அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், வால்டர் மிஷல் என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு சோதனையைத் தொடங்கினார். சின்னப் பிள்ளையிடம் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "நான் வருகிற வரைக்கும் பொறுத்திருந்தால் இதைவிட நல்லது கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பண்டம் கண்முன்னே இருந்தால் பிள்ளைகள் சீக்கிரம் தோற்றார்கள். மறைத்து வைத்தபோது அதிக நேரம் பொறுத்தார்கள். ஏவாளும் முதலில் பார்த்தாள், பிறகுதான் பறித்தாள் (ஆதி. 3:6). யோபுவோ தன் கண்களோடே உடன்படிக்கை பண்ணினான் (யோபு 31:1).

2. வாக்கு உண்மையாயிருக்க வேண்டும்

2013-ல் அச்சில் வந்த ஓர் ஆய்வுக்காக ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 28 பிள்ளைகளுக்கு இதே சோதனையை வைத்தார்கள். அதற்கு முன்பு, "நல்ல கலர் பென்சில் கொண்டு வருகிறேன்" என்று எல்லாரிடமும் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். பிறகு தின்பண்டம் வைத்தபோது, வாக்கு நிறைவேறக் கண்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிஷந்தான்!

நம் நெய்வேலியைப் பாருங்கள். 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. மண்ணை அள்ளி அள்ளி, 1961-லேதான் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். அடியிலே கரி உண்டு என்ற நிச்சயம் இருந்தபடியால் அத்தனை வருஷம் தோண்டினார்கள். நிச்சயம் இல்லாத இடத்திலே யார் காத்திருப்பார்கள்?

வீடு சந்திப்புக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை: "ஷிப்டு முடிஞ்சு வரும்போது வாங்கிட்டு வரேன்டா கண்ணு." அழுகையை அடக்கச் சொன்ன அந்தப் பேச்சை அப்பா மறந்துபோகிறார், பிள்ளை மறப்பதில்லை. பூமியிலே அப்பாவின் வாக்கை நம்ப முடியாத பிள்ளைக்குப் பரமபிதாவின் வாக்குத்தத்தத்தை எப்படிப் போதிப்போம்?

3. வீட்டிலே செய்து பாருங்கள்

நாலைந்து வயதுப் பிள்ளைக்கு, வயிறு நிறைந்திருக்கும்போது, ஒரு கடலை மிட்டாய் வையுங்கள். "அம்மா வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு" என்று சொல்லுங்கள். முதலில் 2 நிமிஷம், போகப்போக 5, 10. பாட்டுப் பாடவோ கண்ணை மூடிக்கொள்ளவோ சொல்லிக்கொடுங்கள். காத்திருந்தால் இரண்டாவதைக் கட்டாயம் கொடுங்கள். தின்றுவிட்டால் அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வின்படி, குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் எடுத்தால், இந்தச் சோதனை பிற்கால வெற்றியைப் பற்றிச் சொல்வது மிகவும் கொஞ்சம். ஒரு மிட்டாயை வைத்துப் பிள்ளைக்கு முத்திரை குத்த வேண்டாம்.

தேவபிள்ளைகளே, ஆபிரகாம் 75 வயதிலே புறப்பட்டு 100 வயதிலே ஈசாக்கைக் கண்டான். எருசலேமிலே காத்திருந்த சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். நம் தேவன் வாக்கு மாறாதவர். இந்த வாரம் உங்கள் பிள்ளைக்குச் சொல்லி நிறைவேற்றாத வாக்கு ஏதாவது உண்டா? இன்றைக்கே அதை நிறைவேற்றுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!