உருண்டையில் எண்ணெய் வழிந்தால்

மக்களே, பேச்சிப்பாறையில் ஜீப் ஆசைக்கு ஓட்டுகிற வண்டி இல்லை. அணைக்கு மேலே, கோதையாறு போகிற வழியில் உள்ள ரப்பர் தோட்டங்களுக்கும் காணி மக்களின் குடியிருப்புகளுக்கும் அரிசி ஏறுவதும் காய்ச்சல்காரர் இறங்குவதும் பல நேரம் இந்தப் பழைய வண்டிகளில்தான். முன் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் உருண்டையில் எண்ணெய் கசிகிறது என்று ஒருவர் வந்து நின்றால், ஐந்து நிமிட வேலை என்று சொல்லிவிடாதே. வில்லிஸ் வகை ஜீப்பானாலும் 1985-ல் வந்த ஜிப்சியானாலும் சங்கதி ஒன்றுதான். ஆக்சில் ஹவுசிங்கின் நுனியில் இருக்கிற இரும்பு உருண்டையைச் சுற்றி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது சீல் என்கிற வளையம்.

1. ஸ்பானரை எடுக்கும் முன் விரலை வை. வழிவதைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்து பார். கெட்டியாகக் கறுத்திருந்தால் நக்கிளில் அடைத்த கிரீஸ், சீல் தேய்ந்திருக்கிறது. தண்ணீர்போல் ஓடி, கந்தக வாடை அடித்தால் ஆக்சிலின் கிரவுன் கியரில் இருக்கிற கியர் ஆயில். ஹவுசிங் குழாயின் நுனியில் இருக்கும் உள் சீல் போய்விட்டது. வெளிச் சீலை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. மூன்றிலும் எனக்குப் பயம் இந்தக் கடைசிதான். எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். தண்ணீரும் சேறும் புகுந்தால் உள்ளே இருக்கிற ஜாயிண்டும் நக்கிளைத் தாங்கும் கிங் பின் பேரிங்கும் துருவேறி, ஒருநாள் ஏற்றத்தில் நொறுங்கும்.

2. பிரீதரைக் கழற்றிப் பார். ஹவுசிங்கின் மேலே கட்டைவிரல் அளவுகூட இல்லாத மூடி அது. தோட்டத்துச் செம்மண் அதை அடைத்துவிடும். ஓடி ஓடிச் சூடாகும்போது உள்ளே காற்று விரிகிறது. போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. மழைக்காலத்தில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடும்போது சூடான ஆக்சில் சட்டென்று குளிர்கிறது, உள்காற்று சுருங்குகிறது, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஒரு ரப்பர் குழாய் மாட்டி அதன் வாயை இன்ஜின் அறையில் உயரத்தில் கட்டிவிடு. இதைச் செய்யாமல் மலைக்கு எந்த வண்டியையும் நான் அனுப்புவதில்லை.

3. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் கூட்டாளியை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். ஒரு தோட்டத்து ஜீப்புக்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று தடவை சீல் போட்டேன். மூன்றும் வழிந்தது. கடையில் கொடுத்த சாமானைத்தான் சந்தேகப்பட்டேன். நாலாவது தடவைதான் கிங் பின்னைக் கழற்றினேன். பேரிங்கின் பாதையில் குழி விழுந்திருந்தது. நக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து சீலை நசுக்க, மறுபக்கம் இடைவெளி விட்டிருக்கிறது. அந்த டிரைவரிடம் நான் வாங்கிய மூன்று கூலியையும் திருப்பிக் கொடுத்தேன்.

4. உருண்டையைத் துடைத்து, நகத்தை மெதுவாக ஓட்டு. நகம் தட்டுகிற இடமெல்லாம் புதுச் சீலை அறுக்கும். லேசான துருவை நானூறாம் நம்பர் எம்ரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடு. குழியாக இருந்தால் ஆரால்டைட் அப்பி, ஒரு ராத்திரி காயவிட்டு, மட்டமாகத் தேய். மொத்தமும் அரித்திருந்தால் உருண்டையையே மாற்றச் சொல்.

5. நம்மைச் சுற்றி ரப்பர் மரம்தான். ஆனாலும் டியூபை வெட்டிச் சீல் செய்யாதே. மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். டயர் டியூபும் அப்படித்தான். ஆயில் சீல் நைட்ரைல் என்கிற வேறு ரப்பர். நம் மரம் அதற்குக் குறைந்தது என்று இல்லை, அதன் வேலை வேறு.

6. கழற்றுகிற வரிசையிலேயே சாக்கில் பரப்பி வை: தகடு, ஃபெல்ட், ரப்பர். ஃபெல்ட்டைத் தூக்கிப் போடாதே. தூசியை முதலில் துடைக்கிறது அதுதான். கிங் பின்னின் மேல் ஷிம்மும் கீழ் ஷிம்மும் கலக்கக் கூடாது. திரும்ப மாட்டியதும், சீல் போடுவதற்கு முன்பே, ஸ்பிரிங் தராசு கொக்கியை மாட்டி நக்கிளை இழுத்துப் பார். அந்த வண்டியின் புத்தகத்தில் சொன்ன எடையில் அது நகர வேண்டும். நக்கிளைக் கழற்றச் சோம்பி ரப்பர் வளையத்தை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் செய், வெட்டு உச்சியில் வரட்டும். ஊருக்கு வந்ததும் முழு வளையம் போடு.

7. கசிவை நிறுத்தக் கெட்டிக் கிரீஸை அடைத்துத் திணிக்காதே. எந்த வண்டிக்கு எதுவோ அதை ஊற்று. பழைய லேண்ட் ரோவருக்கு அந்த இடத்தில் கியர் ஆயிலே ஊற்றினார்கள். பிறகுதான் கூழ்போன்ற கிரீஸுக்கு மாறினார்கள். ஜிப்சிக்கு முதலிலிருந்தே கிரீஸ்.

8. எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போயிருக்கிறதா என்று கட்டாயம் திறந்து பார். நனைந்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டாதே. ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி கக்கும். புது ஷூ வாங்கப் பணம் இல்லை என்று டிரைவர் சொன்னால் கடனுக்குப் போடு. கோதையாற்று இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பள்ளம்தான்.

9. மழையில் நாள்கணக்காக நிற்கிற வண்டியில் உருண்டையின் வெளியே தெரிகிற பாகம்தான் துருப்பிடிக்கும். பிறகு முதல் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அந்தத் துரு சீலுக்குள் போகும். வண்டியை நிறுத்தும் முன் சக்கரத்தை இடமும் வலமும் முழுக்க ஒடித்து, தெரிகிற உருண்டையெல்லாம் துணியில் தொட்ட கிரீஸால் துடைத்துவிடச் சொல். டிரைவரிடம் வாயால் சொன்னால் மறந்துபோவார். சாவியைக் கொடுக்கும்போது அவர் கையில் துணியையும் கொடுத்து, ஒரு தடவை அவரையே துடைக்க வை.