வெண்கலத்தில் படியும் பச்சை

தீபாவளி நெருங்கினால் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் வழக்கம். அதில் படிந்திருக்கும் பச்சையைக் களிம்பு என்கிறோம். வீட்டு விளக்குக்கு ஏற்ற அதே புளி, மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய சீன வெண்கலக் கலத்திற்குப் பெருங்கேடு செய்யும். ஏன்?

சீனாவில் ஷாங் மரபினர் ஆண்ட காலத்தில், முன்னோர் வழிபாட்டிற்கென வெண்கலக் கலங்கள் வார்க்கப்பட்டன. செம்பும் வெள்ளீயமும், பெரும்பாலும் சிறிது காரீயமும் கலந்த உலோகம் அது. 1939-ஆம் ஆண்டு அன்யாங் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் நாற்கால் கலம் ஒன்று கிடைத்தது. எடை 832 கிலோகிராமுக்கும் மேல்! ஜப்பானியர் கையில் சிக்காதிருக்க ஊரார் அதனை மறுபடியும் புதைத்து, 1946-இல்தான் வெளியே எடுத்தனர். இன்று அது பெய்ஜிங்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வார்த்த புதிதில் இக்கலங்கள் பொன்போல் மின்னியிருக்கும். மண்ணுக்குள் ஈரமும் பிராணவாயுவும் கரியமில வாயுவும் செம்பைத் தாக்கின. முதலில் செந்நிறப் படலம் உண்டாயிற்று. அதன்மேல் மாலகைட் எனும் பச்சையும், சிற்சில இடங்களில் அசுரைட் எனும் நீலமும் படிந்தன. கெட்டியாக ஒட்டியிருக்கும் இப்படலம் உள்ளிருக்கும் உலோகத்துக்குப் போர்வையாகும். சீன அறிஞர்கள் இதன் அழகைப் போற்றினர். புதுக் கலத்திற்குச் செயற்கையாகப் பச்சையேற்றிப் பழையதென்று விற்ற வணிகர்களும் இருந்தனர்!

மற்றொரு பச்சையும் உண்டு. அது வெளிறியது, தொட்டால் மாவாக உதிரும். ‘வெண்கல நோய்’ என்பது இதுவே. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு, செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கும். கலத்தை வெளியே எடுத்து ஈரக்காற்று பட்டதும், அது பச்சைத் தூளாக மாறுகிறது. அப்போது அமிலமும் பிறக்கிறது. அவ்வமிலம் மேலும் செம்பை அரிக்கிறது. அதனால் மீண்டும் அதே குளோரைடு உண்டாகிறது. கவனியாது விட்டால் இச்சுழற்சி கலத்தையே துளைத்துவிடும்.

ஆகவே, அருங்காட்சியகத்தார் கூரிய சிறு கருவிகளால் அத்தூளை மட்டும் சுரண்டி எடுப்பர். பென்சோட்ரையசோல் என்னும் வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. பின்னர் ஈரப்பதம் 40 விழுக்காட்டைத் தாண்டாத கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பர். நம் மலேசியக் காற்றின் ஈரப்பதமோ 80 விழுக்காட்டை ஒட்டியது. இங்கு அப்பணி எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புளியின் அமிலத்திற்கு நல்ல பச்சை, கெட்ட பச்சை என்ற வேறுபாடு தெரியாது, இரண்டையும் கரைத்துவிடும். கலத்தின் பழைய மேற்பரப்பு அந்த நல்ல படலத்திலேதான் தங்கியிருக்கிறது. பொறித்த எழுத்துகளின் நுண்ணிய வரிகளும் அதனோடு கரைந்து போகும். சில கலங்களின் பச்சையில், அவற்றைச் சுற்றியிருந்த பட்டுத் துணியின் இழைகள்கூடப் பதிந்துள்ளன. துணி என்றோ மக்கிப் போயிற்று. அதன் நெசவு மட்டும் களிம்பில் இருக்கிறது.