பெட்டி இரைந்தால்: வேலை பழக வந்திருக்கும் தம்பிமாருக்கு

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக்காற்று வீட்டு இன்வேட்டரையும் விடாது, வள்ளத்துப் பற்றரி சார்ஜரையும் விடாது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் சனம் ஓடியோடி வாங்கிய பெட்டிகள்தான் இப்போது இரைந்துகொண்டு மேசைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்களுக்கு ஒரே பேச்சு: "ஃபேன் போயிட்டு, புதுசு ஒண்டு போட்டுத் தாங்க." உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

1. ஸ்க்ரூவில் கை வைக்க முதல் காதைக் கொடுங்கள். கனமான பழைய பெட்டியில் ஒரே சுரத்தில் 'உம்' என்று வருவது ட்ரான்ஸ்போமர். நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. ட்ரான்ஸ்போமரின் இரும்புத் தகடுகள் 100 தரம் அதிரும். நட் தளர்ந்தால் இரைச்சல் கூடும். ஃபேனின் சத்தம் அப்படியல்ல, வேகத்தோடு ஏறி இறங்கும். மலிவு இன்வேட்டரின் கரண்டில் வீட்டுச் சீலிங் ஃபேன் உறுமும்; அந்தப் பழியையும் பெட்டியின் தலையில் போட்டுக் கொண்டுவருவார்கள்.

2. சுவர் பிளக்கைக் கழற்றி, பிறகு பற்றரி வயரைக் கழற்றி, அதன் பிறகே திறவுங்கள். 230 வோல்ட்டை நேரோட்டமாக்கினால் கப்பாசிற்றரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கியதும் அது போய்விடாது. கொஞ்ச நேரம் பொறுத்து, மீற்றர் வைத்துப் பாருங்கள். இதில் வீரம் காட்டுகிறவனை நான் பட்டறைக்குள் எடுப்பதில்லை.

3. நின்றிருக்கும் ஃபேனை விரலால் தட்டிவிடுங்கள். வழுக்கிச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். ஓரிடத்தில் உரசினால் அநேகமாக ஒரு வயர் இதழில் தட்டுகிறது. ஒரு கட்டுப்பட்டி போதும், காசே வேண்டாம். நடுக்குடத்தைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடுகிறதா? புஷ் தேய்ந்துவிட்டது. விடியற்காலையில் கீச்சிட்டு, சூடேறியதும் அடங்குகிறதா? எண்ணெய் வற்றியிருக்கிறது. ஒவ்வொரு இதழையும் தனித்தனியாகப் பாருங்கள். கச்சான் காற்றுக் காலத்துப் புழுதி உப்பு ஈரத்தில் குழைந்து கம்பளி மாதிரி ஒட்டும். எல்லா இதழிலும் ஒரே அளவாக ஒட்டினால் காற்றுத்தான் குறையும். ஒரு பாளம் கழன்று விழுந்து ஓர் இதழ் மட்டும் சுத்தமாகிவிட்டால் பாரம் ஒரு பக்கம் சாயும், பெட்டி முழுக்க அதிரும். குளவி மண்கூடு கட்டிய காற்றுவழிகளும் நிறைய வரும்.

4. சுத்தம் செய்யப் பெயின்ற் பிரஷ் போதும். டயர்க் கடைக் காற்றால் ஊதுவதென்றால் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் தன் அளவுக்கு மேல் சுழன்று பேரிங் கெடும். மோட்டார் டைனமோவாகிப் பலகைக்குக் கரண்ட் அனுப்பவும் கூடும்.

5. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எல்லா வீட்டிலும் அதுதான் முதலில் கைக்கு வரும், பிறகு பிசினாக இறுகும். ஸ்டிக்கருக்கு அடியில் புஷ் தெரிந்தால் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. தேய்ந்த புஷ்ஷுக்கு அது சில கிழமைச் சமாதானம் மட்டுமே. அதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

6. மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட்டா 24ஆ, எத்தனை அம்பியர், அகலம், தடிப்பு. 24 வோல்ட் ஃபேனை 12இல் போட்டால் சத்தமே வராது, காற்றும் வராது. கொண்டுவந்தவர் சந்தோஷமாகப் போவார், பெட்டி கருகித் திரும்பி வரும். பழையது எந்தப் பக்கம் ஊதியது என்று கழற்ற முதல் குறித்துக்கொள்ளுங்கள். கூடுமானவரை போல் பேரிங் உள்ளதை வாங்குங்கள்.

7. இப்போது பெரிய கேள்வி: தேய்கிற அளவுக்கு ஃபேன் ஏன் இவ்வளவு நேரம் ஓடியது? பல பெட்டிகளில் ஃபேனை ஓட்டுவது சூடு. பற்றரியில் ஒரு செல் ஷோட்டானால் அது நிறையவே நிறையாது. சார்ஜர் இரவு பகலாகக் கரண்ட் தள்ளும், ஃபேனுக்கு ஓய்வில்லை. நன்றாக உள்ள 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஆகி, வயர் கழற்றி ஆறிய பின் 12.6க்குக் குறையாமல் நிற்கும். அடுத்து, பெட்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். கட்டிலுக்கு அடியில், துணி அலுமாரிக்குள், வள்ளத்தில் லைஃப் ஜாக்கெட் குவியலுக்குக் கீழே என்று பதில் வரும். சுற்றிவர ஒரு சாண் இடம் விடச் சொல்லுங்கள். கப்பாசிற்றரின் ஆயுள் 10 பாகை சூடு கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். போன புஷ்ஷைவிட அது விலையான சாமான்.

8. "நித்திரை இல்லை, ஃபேன் வயரை வெட்டிவிடுங்க" என்று கேட்பார்கள். வெட்டாதீர்கள்.

9. திருகோணமலைக் கொட்பேயிலிருந்து போகும் நெடுநாள் படகுகளின் சார்ஜர் வந்தால் எண்ணெய்ச் சொட்டு வைத்தியம் கிடையாது. வாரக்கணக்கில் கடலில் நிற்பவனுக்கு ரேடியோவும் ஜீபிஎஸ்ஸும் அந்தப் பற்றரியில்தான். புது ஃபேன் போட்டு, இயந்திர அதிர்வில் ஸ்க்ரூ கழலாமல் ரப்பர் வாஷர் வைத்து முடுக்கி, அதே அளவில் இன்னொன்றைச் சொக்கற்றோடு பொலித்தீனில் சுற்றிக் கொடுத்துவிடுங்கள். எப்படி மாற்றுவதென்று படகுக்காரத் தம்பியை மேசையில் வைத்தே ஒருமுறை கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள்.