மின்தேவையைக் குறைக்க: வீட்டிலும் கோட்டையிலும் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அக்னி நட்சத்திரம் பிறக்கும் முன்பே மாநிலம் அதுவரை காணாத உச்சம். இப்படி உச்சம் ஏறும் சில மணி நேரத்துக்காகத்தான் வெளிச்சந்தையில் கொள்ளை விலைக்கு மின்சாரம் வாங்குகிறோம், புதிய அனல்மின் நிலையங்களுக்குத் திட்டம் போடுகிறோம். அந்தச் செலவு எப்படியும் நம் கட்டணத்திலோ வரியிலோ வந்து விழுகிறது.

ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தொடர்ந்து செய்வோம். ஆனால் ஒரு வீடு ஆயுளுக்கும் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது பெரும்பாலும் இரண்டு நாட்களில் முடிவாகிவிடுகிறது. ஒன்று, தளம் போடும் நாள். மற்றொன்று, கடையில் பொருள் வாங்கும் நாள். அதன் பிறகு சுவிட்சைப் போட்டு அணைப்பதில் மிச்சமாவது கொஞ்சம்தான். அரசின் கொள்கையும் நம் சிக்கனமும் அந்த இரண்டு நாட்களைக் குறிவைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

விசிறியிலிருந்து தொடங்குங்கள்

நம் வீடுகளில் அதிக நேரம் ஓடுவது சீலிங் ஃபேன். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் அதன் பங்கு 67 யூனிட். பிஎல்டிசி என்று கேட்டு வாங்கும் விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். மூன்றை மாற்றினால் 120 யூனிட், அதாவது அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை விட அதிகம்.

விலை கூடுதல்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கூடத்திலும் படுக்கையறையிலும் ஓடும் விசிறி முதலில். எப்போதாவது ஓடுவது கடைசியில். ஒரு எச்சரிக்கை: பிஎல்டிசி விசிறியைச் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்க விடாதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்து, ரிமோட்டில் வேகத்தை மாற்றுங்கள்.

ஏசிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகி ஆண்டுகள் பல கழிந்த பிறகே, 2023 ஜனவரி 1 முதல், சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயமானது. கோடிக்கணக்கான எளிய வீடுகளில் இருக்கும் ஒரே குளிர்சாதனம் விசிறிதான். அதைக் கடைசி வரிசையில் நிறுத்தியது கொள்கையின் பெரிய பிழை.

நட்சத்திரத்தை மட்டும் எண்ணி வாங்காதீர்கள்

அடுத்த முறை ஃபிரிட்ஜ் பார்க்கப் போகும்போது கதவில் ஒட்டியிருக்கும் முத்திரையைக் குனிந்து முழுக்கப் படியுங்கள். நட்சத்திரங்களுக்குக் கீழே, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அந்த நட்சத்திரம் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதும் இருக்கும். நட்சத்திரம் என்பது அதே வகை, அதே அளவுப் பொருட்களுக்குள் தரும் மதிப்பெண். பெரிய ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் ஒன்று, சின்ன மூன்று நட்சத்திர ஃபிரிட்ஜை விட அதிக மின்சாரம் எடுக்கலாம். பில்லில் வரப்போவது யூனிட் எண்தான். அளவுகோலையும், முத்திரை வழங்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு அவ்வப்போது இறுக்குகிறது. முந்தைய அளவுகோலின் ஐந்து இன்றைய நான்காகவோ மூன்றாகவோ இறங்கியிருக்கும். ஆடித் தள்ளுபடியில் பழைய சரக்கு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஏசியில் இன்னொன்று. முத்திரையில் உள்ள ஆண்டுக் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. சென்னையிலோ மதுரையிலோ இரவு முழுக்க எட்டு மணி நேரம் ஓட்டினால் 200 நாளில் அது தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஓடுவதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏசியை 24இல் வையுங்கள், கூடவே விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் முத்திரை பெற்ற அறை ஏசிகள் எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. யாரையும் எதிலிருந்தும் தடுக்கவில்லை. சும்மா விட்டால் சிக்கனமாக ஓடும்படி மட்டும் செய்தது. 18இல் வைத்தால் மெஷின் ஓயாமல் ஓடும், நீங்கள் போர்வை தேடுவீர்கள்.

மொட்டை மாடியை வெயிலுக்கு விட்டுவிடாதீர்கள்

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். குடித்ததை இரவில் கீழே இறக்கும். மேல்தளத்தில் குடியிருப்பவர் இரவு பதினோரு மணிக்கு ஸ்டூலில் ஏறி உள்கூரையில் கை வைத்துப் பார்த்தால் தெரியும், சூடான இட்லிச் சட்டியைத் தொட்டது போல இருக்கும். அந்தச் சூட்டை எதிர்த்துத்தான் ஏசி ஓடுகிறது. விசிறியோ அந்தச் சூட்டையே வாரி முகத்தில் அடிக்கிறது.

நம் கொத்தனார்களுக்கு இது தெரியாததல்ல. தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை நூறு ஆண்டு இந்த வெயிலைத் தாங்கியது. கான்கிரீட் வந்த பிறகும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, இடித்து, தட்டோடு பதிப்பது வழக்கமாக இருந்தது. செலவையும் நாளையும் குறைக்க இன்று பலர் அதை விட்டுவிட்டு, நீர்க்கசிவுக்கு மட்டும் ஒரு பூச்சு அடித்து முடிக்கிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் அந்த வேலையைக் கொத்தனாரிடம் கேட்டு வாங்குங்கள். கட்டிய வீடாக இருந்தால், பங்குனிக்குள் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு போதும், ஒவ்வொரு ஆண்டும் அடிக்க வேண்டியிருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயிண்டும் வெள்ளை ஓடும் சில ஆண்டு தாங்கும். மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தால் வெளிப்பக்கம் நிழல் வேண்டும். உள்ளே திரை போடும்போது வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

கோட்டையில் இருப்பவர்களுக்கு: இதை விருப்பத்துக்கு விடாதீர்கள். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. 600 சதுர கெஜமும் அதற்கு மேலும் உள்ள மனையில் எழும் வீடுகளுக்குக் குளிர்கூரை அங்கே கட்டாயம். மத்திய அரசு 2007இல் வணிகக் கட்டடங்களுக்கும் 2018இல் குடியிருப்புகளுக்கும் எரிசக்தி விதித்தொகுப்பு எழுதியது. 2022இல் சட்டத்தையும் திருத்தியது. ஆனால் வரைபட அனுமதிக்குப் போகிறவரிடம் பக்கவாட்டு இடம் எவ்வளவு, கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்பது போல, கூரை எத்தனை சூடு இறக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நடக்கும். 2003இல் மழைநீர் சேகரிப்பைப் புதிய கட்டடம், பழைய கட்டடம் இரண்டுக்கும் கட்டாயமாக்கியபோது தெருத்தெருவாகக் குழாய் இறங்கியதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. வெள்ளைக் கூரைக்கு அதைவிடக் குறைந்த வேலைதான்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், மலிவான விசிறியை மாட்டிவிட்டு மின்கட்டணத்தைக் குடித்தனக்காரர் தலையில் கட்டாதீர்கள்

விசிறியும் கீசரும் தேர்ந்தெடுப்பது உரிமையாளர், பில் கட்டுவது குடியிருப்பவர். அதனால் இரண்டு பேருக்குமே நல்ல பொருளுக்குச் செலவழிக்க மனம் வருவதில்லை. துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போடும் வீடுகளில், 100 இலவச யூனிட்டின் பலனும் குடித்தனக்காரருக்குப் போய்ச் சேர்வதில்லை. சிக்கனம் பேசும் எந்தத் திட்டமும் வாடகை வீட்டைத் தனியாக யோசிக்காவிட்டால், நகரத்தின் பெரும்பகுதியை விட்டுவிட்டதாகத்தான் பொருள்.

ஏழை வீட்டுக்குச் சிக்கனம் போதிக்காதீர்கள்

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் வாழும் குடும்பத்தில் குறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் சிக்கனமான பொருளால் மிச்சமான மின்சாரத்தில் விசிறி இன்னும் இரண்டு மணி நேரம் ஓடினால், அது வீணடிப்பு ஆகாது. குழந்தை தூங்கியிருக்கும். அவர்களுக்குத் தேவை நல்ல பொருள், கைக்கு எட்டும் விலையில்.

அது முடியும் என்பதற்குச் சான்று எல்இடி பல்பு. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய திட்டம் பின்னால் உஜாலா என்ற பெயர் பெற்றது. ஈஈஎஸ்எல் என்ற பொதுத்துறை நிறுவனம் மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கியதில், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேல் பல்பு விநியோகமானது. மானியம் கொடுத்து இந்த விலை வரவில்லை. ஒரே இடத்தில் கோடிக்கணக்கில் வாங்கியதால் வந்தது. முழுத் தொகை கட்ட முடியாதவர் மாதம் பத்து ரூபாயாக மின்கட்டணத்தோடு கட்டும் வழியும் இருந்தது. விசிறிக்கும் இதே வழியைப் பிடியுங்கள், இதே வேகத்தில். நம் மாநிலம் 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மேசை விசிறித் திட்டம் போல அரசு லட்சக்கணக்கில் பொருள் வாங்கும் போதெல்லாம், எத்தனை வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு கண்டிப்பான வரி இருக்கட்டும்.

இலவச மின்சாரத்துக்காக விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

கிணற்று மோட்டார் வாங்கப் போகும் விவசாயி நட்சத்திரம் பார்ப்பதில்லை. மின்னழுத்தம் குறைந்தாலும் ஓடுமா, காயில் எரிந்தால் பக்கத்து ஊரில் ரீவைண்டிங் செய்ய ஆள் உண்டா என்று பார்க்கிறார். அவர் நிலையில் அதுதான் சரியான கணக்கு. ஆகவே முதலில் வயல்வெளிக் கம்பியில் சீரான அழுத்தம் கொடுங்கள். பிறகு, பழைய மோட்டாரை அரசே தன் செலவில் மாற்றித் தரட்டும். அந்த மின்சாரத்துக்கு மானியம் கட்டுவது அரசுதானே. மிச்சமாகும் யூனிட்டும் அரசுக்கே. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. அதை நீர்த் திட்டமாக மட்டும் பார்க்கிறோம். 500 அடி ஆழத்திலிருந்து ஏற்றாத ஒவ்வொரு லிட்டரும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது.

வேலையைப் பகலுக்கு மாற்றுங்கள்

சூரிய மின்சாரம் நண்பகலில் பொங்கி வருகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் வற்றிவிடுகிறது. மாவு அரைப்பது, துணி துவைப்பது, தொட்டி நிரப்புவது எல்லாம் பகலில் முடியட்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் மோட்டாருக்கு டைமர் வைத்தால் யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. சூரிய நேரத்தில் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் விதி வகுத்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால்தான் வீடுகளுக்கு அந்தப் பலன் கிடைக்கும். அந்த மீட்டரைப் பொருத்தும்போது, குறைந்த கட்டண நேரத்தையும் கூடவே கொடுங்கள். பலன் தெரியாமல் மீட்டர் மட்டும் வந்தால் மக்கள் சந்தேகப்படுவது நியாயம்.

சிக்கன வாரத்தோடு நிறுத்தாதீர்கள்

டிசம்பர் 14 முதல் 20 வரை பேரணியும் கோலப்போட்டியும் நடக்கட்டும். ஆனால் 2011 கோடையில் ஜப்பான் செய்ததைப் பாருங்கள். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, தோக்கியோவும் வடகிழக்கு மாவட்டங்களும் அடங்கிய பகுதியில் பெரிய நுகர்வோர் உச்ச நேரத் தேவையை 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று சட்டப்படி ஆணையிட்டார்கள். கார் ஆலைகள் விடுமுறையை வாரநாட்களுக்கு மாற்றி, சனி ஞாயிறில் வேலை செய்தன. எண்ணும் கெடுவும் உள்ள ஆணைக்கு ஆலைகள் உடனே அசைகின்றன. நம்மிடமும் 2012இல் தொடங்கிய பேட் திட்டம் இருக்கிறது. முதல் சுற்றில் 478 பெரிய ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்கு வைத்தார்கள். இலக்கையும் தாண்டி மிச்சம் வந்தது. அப்படியானால் இலக்கு தளர்வாக இருந்தது என்றுதான் நான் படிக்கிறேன். அடுத்தடுத்து இறுக்குங்கள்.

சில்லறை ஓட்டைகளை அடையுங்கள்

ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ் தூங்குவதில்லை. 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவர் சுவிட்சில் அணையுங்கள். கழிவறை ஃபிளஷ் ஒழுகினால் மோட்டார் கூடுதலாக ஓடும், வாஷர் மாற்றுங்கள். கீசரைக் குளிக்கப் போகும் முன் போட்டு, குளிக்கும்போதே அணைத்துவிடுங்கள்.

மீட்டரை ரீடிங் எடுக்க வருபவர் மட்டும் பார்க்கும்படி விடாதீர்கள்

அட்டையில் அவர் எழுதிப் போன நாளிலிருந்து முப்பதாம் நாள் நீங்களும் ஒரு முறை பாருங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால், 500ஐத் தாண்டும் பாதையில் இருக்கிறீர்கள். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் மேல் விகிதம் விழும். எது இழுக்கிறது என்று தெரிய வேண்டுமானால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிறு விளக்கைக் கவனியுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள்; அதிகம் இழுக்கும் பொருளுக்கு விளக்கு படபடவென்று அடிக்கும். ஒன்றும் போடாத நிலையிலேயே அது விடாமல் மினுக்கினால், வயரிங்கில் கசிவு இருக்கலாம். பில்லை விட உயிருக்கு ஆபத்து அது. அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.